ஓடைக்கரையில் சொன்ன சாட்சி

நான் என் மனைவியை ஒருநாளும் அடித்ததில்லை. அடித்தேன் என்று சபை ஆண்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதுகொண்டே சாட்சி சொன்னேன். நான் செய்த பாவம் இதுதான்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பைத்தியக்காரனும் உண்டா என்று கேட்கிறீர்களா? சிரித்துக்கொள்ளுங்கள். முழுவதும் கேட்ட பிறகும் சிரிப்பு வந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

தாராவியில் ஒரு தையல் பட்டறைக்கு மேலே கூடுகிறது எங்கள் சபை. மழைக்காலம் வந்தால் ஆண்களை மட்டும் கர்ஜத் பக்கத்து மலைக்கு முகாமுக்கு அழைத்துப்போவார்கள். மனைவி மக்கள் இல்லை, செல்போன் இல்லை. கூடாரத்தில் தூக்கம், கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடப்பது, நனைந்த விறகோடு மல்லுக்கட்டிச் சோறு பொங்குவது... கடைசி நாள் காலையில் ஓடைக்கரையில் சாட்சி. ஒவ்வொருவனும் ஒரு கல்லைப் பொறுக்கி, தன் பாவத்தைச் சொல்லி, அதைத் தண்ணீரில் எறிய வேண்டும்.

அங்கே பெரிய பாவிக்குத்தான் பெரிய மரியாதை! குடித்தே கடையைத் தொலைத்தவன் பேசியபோது எல்லோரும் விம்மினார்கள். உல்லாஸ்நகரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவனைக் கட்டிப்பிடிக்க வரிசையே நின்றது. நான் யார்? செம்பூரில் ஒரு கூரியர் ஆபீசில் பில் போடுகிறவன். டீயைத் தவிர ஒரு பழக்கமும் கிடையாது. அதற்கு முந்தைய முகாமில், எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்று சொல்லிக் கல்லை எறிந்தேன். முன்னால் இருந்தவன் கொட்டாவி விட்டான்.

இந்த முறையும் அதையேதான் ஆரம்பித்தேன். பாஸ்டர் என் தோளில் கைவைத்தார்.

"பிரதர், மறைக்காதீங்க. கோவம் வந்தா வீட்ல என்ன செய்வீங்க, அதச் சொல்லுங்க."

அத்தனை கண்களும் என்மேல். அடிப்பேன் என்றேன். அவளை அடிப்பேன், கைக்குக் கிடைத்ததை எடுத்து அடிப்பேன் என்றேன்!

அப்புறம் எங்கிருந்து வந்ததோ அந்த அழுகை... சேற்றில் மண்டியிட்டு விழுந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தினார்கள், கட்டிக்கொண்டார்கள், எனக்காக உரத்த குரலில் ஜெபித்தார்கள். இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்கிறேன். சிறுவயதிலிருந்து சபைக்குப் போகிறேன். ஆண்டவர் என் அருகில் நிற்பதாக ஒருநாளும் உணர்ந்ததில்லை. அன்று உணர்ந்தேன். பொய் சொன்ன அந்த நிமிடத்தில் உணர்ந்தேன்! அப்படியானால் அன்று என்மேல் இறங்கியது யார்? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை, புருஷன்மார் சொல்லிக் கேட்ட சபைப் பெண்கள் என் மனைவி ஜெயராணியைச் சூழ்ந்துகொண்டு அழுதிருக்கிறார்கள். இட்லிச் சட்டியின் ஆவி பட்டு அவள் மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. அதைத் தடவிப் பார்த்தார்களாம். அப்படியெல்லாம் ஒன்றுமே நடக்கவில்லை என்று இவள் தலையில் அடித்துக்கொண்டு சொல்ல, புருஷனை விட்டுக்கொடுக்காத மகராசி என்று மெச்சினார்களாம்.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "நீங்க என்னைய என்னைக்கு அடிச்சிய?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காவ. உங்க வாயால போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அடுத்த ஞாயிறே சொல்லியிருக்கலாம்! ஆனால் அதற்குள் என்னை ஆண்கள் ஐக்கியத்துக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். கொட்டாவி விட்டவன் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். வேறு சபைகளுக்கும் சாட்சி சொல்ல அழைத்துப்போனார் பாஸ்டர். போகப் போகப் பொய்க்குக் கைகால் முளைத்தது. ஓரிடத்தில் தோசைக் கரண்டி வந்தது, இன்னோரிடத்தில் இடுப்பு பெல்ட் வந்தது. வெட்கங்கெட்ட நாய் நான். ஜெயராணி சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பிறகு எஸ்தர் வந்தாள். எங்கள் சபைப் பெண்தான், மான்குர்த்தில் குடியிருந்தாள். புருஷன் செல்வின் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன். அவன் அடித்தது கதையல்ல, நிஜம். துணிமணிகளைப் பையில் கட்டிக்கொண்டு, கல்யாணில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டவள், வழியில் ஜெயராணியிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் வீட்டில் ஏறினாள். போகவா, இருக்கவா?

போய்விடு என்றாள் ஜெயராணி. என்னை இவர் தொட்டதுகூட இல்லை, அந்தச் சாட்சியே பொய் என்றும் சொல்லிவிட்டாள். எஸ்தர் நம்பவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஜெயராணியும் பார்த்தாள். 'ஆமாம், பொய்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னேனா?

"கொஞ்சம் பொறுத்திரும்மா. அவனை முகாமுக்கு அனுப்பு. ஆண்டவர் மாத்துவாரு" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு மான்குர்த்துக்கே திரும்பிப் போனாள்.

செல்வின் முகாமுக்கு வந்தான். கல்லை எறிந்தான், அழுதான், சேற்றில் விழுந்தான். அவனை முதலில் கட்டிப்பிடித்தவன் நான்தான்! மழை விடுவதற்குள், அவன் அறைந்த அறையில் எஸ்தரின் இடது காது செவிடாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெயராணி மருந்து வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முகத்தில் என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, பக்கா சொல்லுங்க. கேம்புக்குப் போய்ட்டு வந்தப்புறம் நீங்க அடிக்கிறத முழுசா விட எத்தனை நாள் ஆச்சு?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

ஒரு வருஷம் என்றேன்.

அவள் தலையாட்டினாள். அப்போ இன்னும் கொஞ்ச நாள்தான் என்றாள்.

இதைச் சபையில் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் ஒரு சாட்சியாக்கிவிடுவார்கள். மறுபடி கட்டிப்பிடிப்பார்கள், மறுபடி அல்லேலூயா! ஆண்டவரிடமும் சொல்வதில்லை. அன்று ஓடைக்கரையில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்தானே அவர்? உங்களிடம் சொன்னது, உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதால்தான்.

எஸ்தரிடம் மட்டும் சொன்னால் போதும், அவள் நாளைக்கே கல்யாணுக்கு ரயில் ஏறிவிடுவாள். அது எனக்குத் தெரியும். அவள் இன்னும் மான்குர்த்தில்தான் இருக்கிறாள். பம்பாயில் பிறந்து இந்தியில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் தமிழில் எழுதினேன்.