குதிரையைக் கொடுத்த நாளில் கயிறு

அக்கா வீட்டுக்காரருக்கு வேலை போன பிறகு, எதையெல்லாம் விடுவது என்று நாங்கள் மூவரும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிசைப்படுத்தினோம். எழுதும் பொறுப்பு வழக்கம்போல் எனக்கு. பெரிய கார். மகளின் நீச்சல் வகுப்பு. கிளப் சந்தா. மாமா நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் முடித்ததும் அக்கா, "மொதல்ல சொல்ல வேண்டியத உட்டுட்டீங்களே. உங்க தம்பி?" என்றாள்.

தம்பி என்பது குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பழுப்புக் குதிரை. நல்ல சம்பளம் வந்த காலத்தில், மகள் சவாரி பழகட்டும் என்று சொல்லி மாமா வாங்கியது. மகள் சில வாரங்களிலேயே "போரிங் நானா" என்று அப்பாவிடம் தெலுங்கில் சொல்லி விலகிக்கொண்டாள். மாமா விலகவில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு லாயத்தில் மாதக் கட்டணத்துக்குக் கட்டியிருந்தார். போக வேண்டிய அவசியமே இல்லாத நாட்களிலும் போவார். "என்ற மாமியா பெத்த ரெண்டாவது பையன்" என்பாள் அக்கா. அது கேலியா கோபமா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

குதிரைக்கு இடம் தேடும் வேலையும் என்னிடம் வந்தது. ஏ.எஸ்.ராவ் நகரில் தங்கி, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறவள் நான். போர்டு தேறும், அல்லது தேறாது. அதே முறையில் கேள்விகள் தயாரித்தேன். நிழலும் மேய இடமும் உண்டா? கால்நடை மருத்துவர் வருவாரா? துணைக்கு வேறு குதிரை உண்டா? வைத்துக்கொள்ள முடியாமல் போனால், வேறு யாருக்கும் கைமாற்றாமல் முதலில் எங்களிடம் சொல்வீர்களா?

இரண்டு பேர் முன்வந்தார்கள். ஒருவர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடுகிறவர். முதல் மூன்று கேள்விகளில் நன்றாகவே தேறினார். நான்காவதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "குதிரை என்ன மேடம், புதுப்பெண்ணா? ஒத்துவரவில்லை என்று அம்மா வீட்டுக்குத் திருப்பி அனுப்ப?" என்று ஹிந்தியில் கேட்டார். அவரிடமிருந்து குதிரை எந்த ஊருக்குப் போகும், எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொருவர் பல் மருத்துவர், ஐம்பதைக் கடந்த பெண்மணி. ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்தார். அங்கே இருந்த இரண்டு குதிரைகளில் ஒன்று செத்துப்போய், மிஞ்சிய பெண் குதிரை சரியாகத் தின்னாமல் நிற்பதாகச் சொன்னார். நான்கு கேள்விகளுக்கும் யோசித்துப் பதில் சொன்னார்.

"பல் டாக்டருக்கே குடுத்துரலாமுங்களா மாமா?"

"நீ பாத்தாச் செரிதான், அம்மிணி." அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

தம்பி நின்ற இடத்துக்கு மறுநாளே வேறு குதிரை வரும் என்று லாயத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று காலையில் டாக்டரம்மா சின்ன லாரியோடு வந்தார். குதிரையின் முகத்தில் மாட்ட நீல நைலான் பட்டை ஒன்றும், அதில் கோர்க்கப் புதுக் கயிறும் கொண்டுவந்திருந்தார். மாமாதான் போனில் கேட்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பூர்வீகம் காங்கேயம் பக்கம். அங்கே மாட்டை விற்றால் மாட்டை மட்டும்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். பழைய கயிறு விற்றவர் கையில் நின்றுவிடும். கயிறும் சேர்ந்து போனால் அந்த வீட்டில் மறுபடி கால்நடை தங்காது என்பது கணக்கு. நாங்கள் மூவரும் மாடு வளர்த்ததில்லை. ஆனால் இது தெரியும்.

மாமா பழைய தோல்பட்டையைக் கயிற்றோடு கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, நீலப் பட்டையை நீட்டினார். குதிரை தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிப் பின்னால் போனது. மறுபடி நீட்டினார். அது திரும்பி முற்றத்தின் கோடிக்கே போய்விட்டது. லாரி டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்று ஏறாவிட்டால் கல்யாண ஊர்வலக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"பழசையே போட்டு அனுப்பிச்சிரலாமுங்க மாமா" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். குதிரை போனால் போதும் என்று இத்தனை நாள் சொன்னவள் அவள். தலையாட்டுவாள் என்று நினைத்தேன்.

"கயிறக் குடுக்காதீங்க" என்றாள்.

"ஏறமாட்டீங்குதே புள்ள."

"அதுக்கு? கயிறக் குடுக்காதீங்கன்னா குடுக்காதீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கயிறு எங்களிடம் நின்றால் இன்னொன்று வரும் என்றுதானே அர்த்தம்? அதை இவளா கேட்கிறாள்?

மாமா முற்றத்தின் கோடிக்குப் போனார். "வாடா தம்பி" என்று பழைய பட்டையை விரித்துப் பிடித்தார். குதிரை தானாகத் தலையைத் தாழ்த்தி அதற்குள் முகத்தை நுழைத்தது. லாரி வரை அமைதியாக நடந்து வந்தது. லாரியில் ஏறச் சாய்த்து வைத்த பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றவர் மாமாதான். கயிற்றை இறுகப் பிடித்தபடி நின்றார். கொடுக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை.

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பிரிய மனமில்லாமல் நிற்கிறார் என்று நினைத்திருப்பார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே அதன் தாடைக்குக் கீழே கைவிட்டு, பித்தளைக் கொக்கியை அழுத்தினார். கயிறு தனியாக வந்தது. தன் புதுக் கயிற்றை அங்கே மாட்டிவிட்டு, "யே ரஸ்ஸி நக்கோ சார், மேரே பாஸ் ஹை" என்று பழைய கயிற்றை மாமா கையிலேயே விட்டார். கயிறு வேண்டாமாம், அவரிடம் இருக்கிறதாம். குதிரை பலகையில் ஏறிப் போனது.

மாட்டுக்கு எல்லாம் ஒரே கயிறு. குதிரைக்கு முகப்பட்டை வேறு, கயிறு வேறு. நடுவில் ஒரு கொக்கி. மாமா அதை எத்தனையோ முறை மாட்டிக் கழற்றியவர். என் வேலையில் பாதி, எது எதிலிருந்து கழலும் என்று பார்ப்பது. மூன்று பேரும் எதைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம்.

"இது செல்லுமாங்க?" என்றாள் அக்கா.

"கயிறு நம்மகிட்டத்தான இருக்குது."

"மொகத்துல கெடந்தது போயிருச்சே."

"அது கயிறில்லையே."

"அப்பறம் எதுக்கு அத்தன நேரம் நின்னீங்க?"

சிக்னலில் நின்றபோது மாமா, "நீ எதுக்குக் குடுக்க வேண்டாம்ன?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? இன்னொண்ணு வாங்கீட்டு வந்தீங்கன்னா ரெண்டு பேரையும் லாயத்துலயே கட்டிப்போட்டுருவேன்" என்றாள். கயிறு அவள் மடியில் இருந்தது. அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இத எங்க வெக்கறது?" என்று கேட்டாள். அடுக்குமாடி வீட்டில் ஏது மாட்டுக்கொட்டகை? "டிக்கியிலயே கெடக்கட்டும்" என்றார் மாமா.

சாயங்காலம் டாக்டரம்மா ஒரு படம் அனுப்பினார். எங்கள் தோல்பட்டையோடு தம்பி நிற்கிறான். பக்கத்தில் பெண் குதிரை வைக்கோலில் வாய் வைத்திருக்கிறது. நான் பட்டியலில் குதிரை என்ற வரியை அடித்துவிட்டேன்.

சில வாரங்களில் காரையும் விற்றார்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் வண்டியைக் காலி செய்தது நான். டிக்கியில் ஒரு குடை, பழைய செருப்பு, நீச்சல் கண்ணாடி எல்லாம் இருந்தன. கயிறு இல்லை. இருவரில் யார் எடுத்தது என்று கேட்கத் திரும்பினேன். மாமாவும் அக்காவும் வண்டிக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டிக்கியை மூடினேன்.