நாலாவது மாடிக்குப் போகாத கிரைண்டர்

பிள்ளைகளே, வீடு மாற்றிக் கொடுக்கிற லோரிக்காரர்களுக்குப் பேச்சுதான் பாதி வேலை. நாங்கள் சாமான் ஏற்றும்போது அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்கள். "எங்க போறாங்க அண்ணே?" என்று கேட்பார்கள். நாங்களும் ஊர், தாமான் என்கிற குடியிருப்பு, கோயிலுக்குப் பக்கமா பள்ளிக்கூடத்துக்குப் பக்கமா என்பதுவரை சொல்லிவிடுவோம். கிள்ளானில் இது மரியாதை. வாயை மூடிக்கொண்டு மெத்தையைத் தூக்கினால், "லோரிக்காரனுக்கு என்ன கர்வம் பாரு" என்பார்கள்.

அந்த வாயை எங்களுக்குக் கட்டிப்போட்டது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த பயிற்சி. வீட்டிலேயே அடியும் மிரட்டலும் படுகிறவர்களுக்கு உதவுகிற அமைப்பு அதை நடத்தியது. அடிப்பவர் வெளி ஆள் இல்லை, வீட்டு மனிதர்தான். அதனால் சில சமயம் அடிபடுகிறவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. தங்க இடம் தேடித் தருவது, போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடவே போவது எல்லாம் அந்த அமைப்பின் வேலை. சாமானைக் கொண்டுபோக லோரி வேண்டும். அந்த லோரிக்காரர்களுக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

நானும் என் லோரியில் கெலிண்டானாக, அதாவது ஏற்றி இறக்கும் துணையாளாக வருகிற நண்பரும் போனோம். டாக்சி ஓட்டுகிற ஒரு பெரியவரும் சில லோரிக்காரர்களும் இருந்தார்கள். பயிற்சி கொடுத்த அதிகாரி வயதில் சின்னவர். நண்பர் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

டாக்சிக்காரர் முதலிலேயே கையைத் தூக்கினார். "நாங்க நாலு பேரு போயி அந்தப் புருஷன்கிட்ட பேசிப் பார்த்தா என்னம்மா?"

"அவங்க பேசாமலா இருந்திருப்பாங்க அங்கிள்? பேசி, அழுது, மாமியார் வீட்டுல சொல்லி, எல்லாம் பார்த்துட்டுத்தான் எங்ககிட்ட வர்றாங்க."

"சரி, வெளிய வந்த பிறகு அவன் பின்னாலயே சுத்துனா?"

"முன்ன அதுக்குன்னு தனியா சட்டம் இல்ல. எத்தனையோ பேரு கேட்டுக் கேட்டு, இப்ப சட்டத்தைத் திருத்தியாச்சு. ஒருத்தர் பயப்படுற மாதிரி திரும்பத் திரும்பப் பின்னால போறதே குற்றம். ஆனா முதல்ல அவங்க எங்க இருக்காங்கன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. அது உங்க வாயிலதான் இருக்கு."

பிறகு ஒரு நாடகம். டீச்சர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆன்டி ஆனார். என் நண்பர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு லோரிக்காரராகவே நடந்து வந்தார்.

"எங்க தம்பி கொண்டு போறீங்க?"

"சொல்லக்கூடாது ஆன்டி," என்றார் நண்பர், நெஞ்சை நிமிர்த்தி. "ஆனா ரவாங் டோல் தாண்டி ரொம்ப தூரம் இல்ல."

மாடியே அதிர்ந்தது. டீச்சர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வாய் தவறுறது யாருக்கும் நடக்கும் அண்ணே. தவறிட்டா மறைக்காம உடனே எனக்குப் போன் பண்ணிடுங்க. மறைச்சாத்தான் ஆபத்து," என்றார்.

கொஞ்ச நாளில் எங்களுக்கு முதல் வேலை வந்தது. கிள்ளானில் ஒரு தாமான். அந்த வீட்டு அக்கா முன்பே வெளியே வந்து, அமைப்பின் காப்பகத்தில் தங்கியிருந்தார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்திருந்தது. புருஷன் அவரைத் தொடவோ மிரட்டவோ கூடாது. போலீஸ் துணையோடு அக்கா வீட்டுக்குள் போய்த் தன் பொருள்களை எடுத்துக்கொள்ளலாம்.

அக்காவின் பொருள் என்ன தெரியுமா? மாவரைக்கிற கிரைண்டர், இடியாப்பம் அவிக்கிற பெரிய அண்டா, அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். காலையில் இடியாப்பம் விற்றுத்தான் அவர் தன்னையும் மகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கிரைண்டர் வந்துட்டா நான் பொழைச்சுக்குவேன் தம்பி. ஆனா நான் எங்க இருக்கேன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிடக்கூடாது. தெரிஞ்சா மறுபடியும் ஓடணும். மகளுக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் மாறணும்," என்றார்.

புருஷன் கூடத்தில் டிவிக்கு முன்னால் காவலுக்கு நிற்பதுபோல் நின்றார். "டிவிய யாரும் தொடக்கூடாது!"

"நீங்களே கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருங்க," என்று அக்கா நேராக அடுப்படிக்குப் போனார்.

மூங்கில் தட்டுகளைப் பார்த்து அந்த ஆள் சிரித்தார். "இந்தக் குப்பைக்கா போலீஸ்?"

கூட வந்த போலீஸ் அம்மா மலாய்க்காரர். அவருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் திரும்பி, "செப்பாட், அபாங்!" என்று அவசரப்படுத்தினார்.

நாங்கள் கிரைண்டரை வாசலுக்குக் கொண்டு வருவதற்குள் அடுத்த வீட்டு ஆன்டி தட்டில் காப்பியோடு வந்துவிட்டார். நல்ல மனுஷி. அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதவர். அக்கா தட்டுகளை எடுக்க உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்தார். அந்த ஆள் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருந்தார். மழை பெய்து ஓய்ந்த நாள் அது!

"எங்க கொண்டு போறீங்க தம்பி? என்கிட்ட சொன்னா என்ன, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"அதை நான் சொல்ல முடியாது ஆன்டி," என்றேன். நன்றாகத்தான் சொன்னேன்.

கிரைண்டரின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த நண்பர் பெருமூச்சு விட்டார். "அட போங்க ஆன்டி, நாங்க படுற பாடு எங்களுக்கு. லிப்ட் இல்லாத வீட்டுல நாலு மாடி ஏத்தணும் இதை!"

செடிக்கு ஊற்றிய தண்ணீர் நின்றது. நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆன்டியோ உற்சாகமாகிவிட்டார். "நாலு மாடியா? லிப்ட் இல்லையா? அப்ப ஷா ஆலம் போற வழியில அந்தப் பழைய ஃபிளாட்டா? இல்ல, எங்க நாத்தனார் இருக்காளே, அங்கயா?"

அவர் ஒவ்வொரு ஃபிளாட்டாகச் சொல்லிக்கொண்டே போனால் எங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வந்த ஒரே யோசனை இதுதான். "ஆன்டி, நீங்க எந்த எஸ்டேட்?"

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்து எஸ்டேட்டில் பிறந்தவர்கள். இதைக் கேட்டால் போதும். ஆன்டி பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் தொடங்கினார். அப்பா பால் மரம் வெட்டியது, திருவிழா, யார் யாரைக் கட்டினார்கள் என்று போய், கடைசியில் நான் அவருக்கு ஏதோ ஒரு வழியில் மருமகன் முறை என்று முடித்தார். அதற்குள் தட்டுகள் எல்லாம் லோரிக்கு வந்துவிட்டன.

சாலை திரும்பியதும் லோரியை ஓரம் கட்டினேன். நண்பர் போனை எடுத்தார். "டீச்சர், வாய் தவறிடுச்சு. நாலு மாடின்னு சொல்லிட்டேன். அந்த ஆள் காதுல விழுந்துடுச்சு," என்றார்.

டீச்சர் திட்டவில்லை. "உடனே சொன்னதுக்கு நன்றி அண்ணே. இன்னைக்கு அங்க போகவேணாம். சாமான் எங்க ஸ்டோர்ல இருக்கட்டும். அக்கா ரெண்டு மூணு நாள் எங்க காப்பகத்துலயே இருக்கட்டும். வேற இடம் பார்க்கிறேன்."

அவர் வேறு ஊரில் பார்த்த வீடு தரைத்தளம். பின்னால் ஒரு கொட்டகை, தண்ணீர்க் குழாய், அண்டாவை வைக்கத் தோதான சிமெண்டுத் தரை. அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நாலு மாடியில நான் எப்படி அண்டாவ வச்சிருப்பேனோ, போங்க!"

"எல்லாம் என் வாயாலதான்க்கா," என்றார் நண்பர்.

"அந்த வாய்க்கு முதல் இடியாப்பம் போட்டு மூடிடறேன் இருங்க."

போட்டார். தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி. நண்பர் எத்தனை சாப்பிட்டார் என்று எழுதினால் அவர் வீட்டில் பிரச்சினை வரும்.

கொஞ்ச காலம் கழித்துக் கிள்ளான் பாசாரில், மார்க்கெட் கூட்டத்தில், அந்த ஆன்டி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் லோரிப் பக்கம் நழுவப் பார்த்தேன்.

"பயப்படாத மருமகனே, நான் கேக்கமாட்டேன்," என்றார். "அவன் விடாம என் வாசல்ல வந்து நின்னான். நாலு மாடி ஃபிளாட்டா தேடி அலைஞ்சிருக்கான். 'உனக்குத் தெரியும், சொல்லு'ன்னு சத்தம். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிஞ்சிருந்தா என் முகம் சொல்லியிருக்கும். நான் போலீஸுக்குப் போன் போட்டேன். அப்புறம் வரல."

கீரைக்காரர் கடை முன்னால் நின்று கீரைக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்காளா? அது மட்டும் சொல்லு."

"நல்லா இருக்காங்க ஆன்டி. மகளும் நல்லா படிக்குது."

"அது போதும்பா."

முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்கினார். யாருக்கு என்று சொல்லவில்லை. என் லோரியின் கதவைத் திறந்து, சீட்டில் வைத்துவிட்டு, மீன் வாங்கப் போனார்.