சூடம் அசையாத குடோன்

பெட்ரோல் பங்க் வரப்போகிறது, ஆவணி முடிவதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று எங்கள் வாடகைக் கொட்டகையின் சொந்தக்காரர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரம்பலூரில் நானும் கணவரும் விதை வெங்காய வியாபாரம் செய்கிறோம். ஐப்பசி நடவுக்கு என்று விவசாயிகள் ஒதுக்கும் சின்ன வெங்காயத்தை அதுவரை எங்களிடம்தான் போட்டு வைப்பார்கள். அது அழுகினால் எங்கள் பெயர் கெடுவதோடு முடியாது. அவர்கள் காடு நடவில்லாமல் கிடக்கும். அந்த நினைப்பு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கணவர் என்னைப்போல் இல்லை. வீடு பற்றி எரிந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அவரைக் கிளப்பி, வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தேன். சிறுவாச்சூரில் ஹைவேயை ஒட்டி ஒரு கட்டடம் பிடித்திருந்தது. ஆனால் திங்களும் வெள்ளியும் கோயிலுக்கு வருகிறவர்கள் அதன் வாசலில்தான் காரை நிறுத்துவார்களாம். லாரியை எங்கே திருப்புவது?

"மத்த நாள்ல ஏத்திக்கலாமே," என்றார் கணவர்.

"வெங்காயம் கெழம பாத்தா அழுகும்?" என்று கேட்டேன். வண்டியை எடுத்தார்.

பிறகு அரியலூர். ஸ்டேஷனைத் தாண்டி, சிமெண்ட் மூட்டை அடுக்குவதற்கென்றே கட்டிய குடோன் ஒன்று காலியாகக் கிடந்தது. வழுவழுப்பான தரை, கான்கிரீட் கூரை, ஜன்னலே கிடையாது. ஷட்டரை இறக்கினால் எறும்பு நுழையாது. கணவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு எறங்காதுங்க," என்றார் கட்டடக்காரர்.

எனக்கும் அலைந்து அலுத்துவிட்டது. சரியென்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வழக்கப்படி, முன்பணம் கைமாறும் முன் வெற்றிலையில் சூடம் வைத்து நடுத்தரையில் ஏற்றுவோம். சுடர் ஆடாமல் எரிந்தால் இடம் நம்மை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். கணவர் ஏற்றினார். சுடர் அசையவே இல்லை.

"பாத்தீங்களா, என்னமா நிக்கிது!" என்று கட்டடக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கும்போதுதான் வாசலைப் பார்த்தேன். ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. வெளியே காற்றில் ரோட்டு மண் பறந்துகொண்டிருந்தது. உள்ளே என் முந்தானை நுனிகூட ஆடவில்லை. புகை நேராக மேலே போய்க் கூரையடியில் அப்படியே தங்கிவிட்டது. ஈரக்காற்றுப் பட்டால் சிமெண்ட் கெடும், அதற்காக அடைத்துக் கட்டியது. காற்றே படாவிட்டால் வெங்காயம் வேர்த்து அழுகும். எங்கள் விவசாயிகள் கல் பரப்பி, சுற்றிலும் மூங்கில் படல் கட்டி வெங்காயப் பட்டறை போடுவது பின்னே எதற்காம்?

"வேணாங்க," என்றேன்.

கணவர் பல்லைக் கடித்தார். "சாமி உத்தரவு குடுத்த எடத்தப் போயி வேணாங்கிற?"

"வெங்காயம் வெக்கப் போறது சாமியா, நாமளா?"

வீட்டு வாசலில் இறங்கும்போது, "இனிமே நீயே பாத்துக்க," என்றார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நல்ல இடத்தைத் திமிரில் விட்டுவிட்டேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. நீளவாக்கில் இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர், அதற்கு மேல் கம்பிவலை. கோழி வாடை இன்னும் போகவில்லை. கணவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே சூடம் ஏற்றினார். அணைந்தது. கையை அணைகொடுத்து மறுபடி ஏற்றினார். அணைந்தது. தீப்பெட்டியே காலியாகிவிட்டது.

கொட்டகைக்கார அக்காவின் முகம் சுண்டிப்போனது. "கோழி நோவுல போனதுலேர்ந்து எதுவுமே கூடி வரலம்மா. சகுனமும் சரியில்ல. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

வாயில் வந்து விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "இதாங்க்கா எங்களுக்கு வேணும்," என்றேன். அக்கா நம்பவில்லை. என் கணவரும்தான்.

கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கல் பரப்பி வெங்காயத்தை இறக்கினோம். புரட்டாசியில் மழை பிடித்தது. சாரல் அடித்த பக்கம் முழுவதும் தார்ப்பாயை இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் அடைத்துவிட்டோமே, உள்ளே புழுங்குமோ என்று எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. மழை விடுவதற்குள் கணவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். சூடே இல்லை, சருகு காய்ந்து சலசலத்தது. அழுதுவிட்டேன்.

கணவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு குச்சியைக் கிழித்தார்.

"அணைஞ்சிடுச்சு," என்றார், சந்தோஷமாக.