விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

அடித்துச் சொல்கிறேன், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பழைய கட்டடம் தாங்குமா, தாங்காதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. தாங்கும் என்றால், இதைச் சொல்ல இவன் எதுக்கு என்பார்கள். தாங்காது என்றால் வீடு தேடி வந்து சாபம் விடுவார்கள். அடுத்தவர் வீட்டுச் சுவருக்காகத் திட்டு வாங்கியவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பூனை போன வழி

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு பழைய கடலை எண்ணெய் மில்லைக் கல்யாணக் கூடமாக்கியிருந்தார்கள். மேற்குச் சுவரில் விரிசல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூனை அதன் அடியில் நுழைந்து, மூன்று குட்டிகளோடு வெளியே வந்தது. ஏணியில் ஏறி, மேலே விரிசலுக்குக் குறுக்காக மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் வித்தை.

கூடத்துக் காவலாளி காதர் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோடையில் அவர் மகள் நிக்காஹ் இங்கேதான். கூடத்தை நடத்தும் கமிட்டி இலவசமாகக் கொடுத்திருந்தது. வேறு கூடம் பிடிக்க அவருக்குச் சக்தியில்லை. இந்தக் கண்ணாடி உடையக் கூடாது, உடைந்தால் கூடத்தைப் பூட்டச் சொல்லி எழுதிவிடுவேன் என்றேன். பாய் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடையாம பாத்துக்கறேன் சார்."

தவில் பரிசோதனை

மாதாமாதம் போய்க் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். கண்ணாடி முழுசாக இருக்கும். விரிசலோ மாசி பிறப்பதற்குள் ஒரு விரல் ஜாஸ்தியாகிவிட்டது. கல்யாணத் தவில் சத்தம்தான் காரணம் என்று கமிட்டிச் செயலாளர் ஒரே பிடியாக நின்றார். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு தவில்காரரைச் சுவருக்கு எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் அடிக்கச் சொன்னேன். காரை உதிர்ந்து என் தலை வெள்ளையானது; இன்றுவரை கருக்கவில்லை. கண்ணாடி அசையவில்லை.

தவில்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "என் அடிக்கு மலைமேல கண்ணை மூடின சாமியாரே எழுந்து வருவாருங்க. இது என்னங்க, செவிட்டுக் கண்ணாடியா?"

பதினாலாம் நம்பர்

சந்தேகம் வந்து ஏணி போட்டேன். கண்ணாடியின் ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள், நடுவில் பதினாலு என்று நம்பர். பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலை அறுத்து ஒட்டியிருந்தது. வளையும், உடையாது.

பாய் எதையும் ஒளிக்கவில்லை. நாலு கண்ணாடி உடைந்ததாகவும், நாலு தடவையும் புதுசு ஒட்டியதாகவும், அப்புறம் அலுத்துப்போய் இதை வைத்ததாகவும் சொன்னார். "உடையக் கூடாதுன்னீங்க. அதான் உடையாததா ஒண்ணு வெச்சேன் சார்."

பிஸ்கட் டப்பா

பூட்டச் சொல்லி எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பாய் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். சில்லெல்லாம் உங்கள் பொருள், தூக்கிப் போட மனசு வரவில்லை என்று நீட்டினார். ஒவ்வொன்றையும் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மடித்திருந்தார். எந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் உடைந்ததோ, அந்தப் பத்திரிகை. கல்யாணமே இல்லாத மார்கழியில் ஒன்றும் உடையவில்லை. நாலில் ஒன்று தவிலே வைக்காத நிக்காஹ்.

தவில் இல்லை என்றால் நாலுக்கும் பொதுவாக என்ன இருந்தது? பந்தி. கை கழுவும் தொட்டி மேற்குச் சுவரோரம். அடியில் குழாய் உடைந்திருந்தது. ஆயிரம் பேர் கை கழுவிய தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போயிருக்கிறது. தோண்டினால் மண் ரசம் மாதிரி ஓடியது. செயலாளர் குழியை எட்டிப் பார்த்தார்.

"அப்போ சோறு போடாம கல்யாணம் பண்ணச் சொல்றீங்களா?"

சம்பந்தியின் கை

கூடத்தைப் பூட்டினோம். தொட்டியை எடுத்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து, அஸ்திவாரத்தை மூன்றடி மூன்றடியாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டு, விரிசலில் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றினோம். பாய் தினமும் வந்து நாள் எண்ணினார். நிஜக் கண்ணாடி ஒட்டினேன். அது உடையாமல் நிற்கவே, நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாவியைக் கொடுத்தேன்.

நிக்காஹ் அன்றைக்குப் பாய் மேற்குச் சுவரோரம் கம்போடு நின்றுகொண்டு, கை கழுவ வந்த எல்லாரையும் தெருக்கோடிக் குழாய்க்கு விரட்டினார். மாப்பிள்ளையின் அப்பா நெய்க் கையோடு வந்து, பிரியாணி இங்கே, தண்ணி அடுத்த ஊர் செங்கத்திலேயா என்று நையாண்டி செய்தார். பாய் கம்பை இறக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. கை காஞ்சா அப்புறம் கழுவிக்கலாம். செவுரு நனைஞ்சா, தின்னது செரிக்க நாம யாரும் இருக்க மாட்டோம்."

கண்ணாடி அவ்வப்போது மாற்றப்பட்டது என்று என் அறிக்கையில் ஒரு வரி இருக்கும், மாற்றியது யார் என்று இருக்காது. ஆகவே இத்தனையும் சொன்னது நான் என்று தயவுசெய்து யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.