எனக்கு முன்னால் வாசித்த குரல்

பிள்ளைகளே, அப்பா புத்தகத்தைச் சுவரோரம் வைத்துக்கொண்டு உரக்க வாசித்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அப்பா சோதினைக்குப் படிக்கிறாரு, சத்தம் போடாத" என்று நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒலிப்பதிவை வீட்டில் செய்யாமல் வேலை இடத்துக்குக் கொண்டுபோனேன். ஏன் என்று மூத்தவள் கேட்டபோது, "வீட்ல எதிரொலி கேக்குது" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அந்த அறையில் படுக்கப் பயப்படுவீர்கள் என்று அம்மாவும் நானும் அதற்குமேல் சொல்லவில்லை. இப்போது மூத்தவள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். சொல்லலாம்.

நான் சேர்ந்த சேவைக் கழகத்துக்குக் கட்டடம் கிடையாது. எல்லாம் போனில்தான். சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். சின்னச் சின்னப் பெட்டிகளில் முகங்கள் வரும். ஒருவர் வெள்ளவத்தையில், ஒருவர் மட்டக்களப்பில், ஒருவர் கனடாவில் தொப்பி போட்டுக்கொண்டு. ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. "வாசிக்கத் தெரிந்த எவரும் சேரலாம்" என்று மாதா கோயில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. வாசிக்கத் தெரியும்தானே என்று பெயர் கொடுத்தேன்.

எனக்குக் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்தப் புத்தகத்தைப் பிடித்தபோது, எனக்கு மூடிய கதவை யாரோ திறந்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் சொற்கள் கடுமை. 'ஒளித்தொகுப்பு' என்பதை வாயில் போட்டு உருட்டாமல் என்னால் சொல்ல முடியாது. ஆகவே கிழமை நாட்களில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவேன். ஞாயிறு மத்தியானம், அம்மா உங்களை முகத்துவாரத்துச் சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், கதவைச் சாத்திவிட்டுப் பதிவு செய்வேன். அந்த நேரம் எங்கள் கொட்டாஞ்சேனையே சோறு தின்றுவிட்டுப் படுத்திருக்கும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதினால்தான் உண்டு.

பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பவர் வெள்ளவத்தையில் இருக்கும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒருவர். பிறவியிலேயே கண் தெரியாதவர். கூட்டத்தில் அவருடைய பெட்டியில் முகம் வராது. கூரையும் காற்றாடியும்தான் தெரியும். எங்கள் வீட்டு ஈரல் வறுவலின் மணத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கேட்கும் என்று நான் பகிடியாகச் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் போன் எடுத்தார்.

"அண்ணா, ஃபைல் கேட்டனான். நல்லா வந்திருக்கு. ஒண்டு கேக்கட்டே, கோவிக்கப்படாது."

"கேளுங்க தங்கச்சி."

"வாசிக்கேக்க உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?"

"யாரும் இல்லியே. நான் மட்டும்தான்."

"இல்ல அண்ணா. ஒரு ஆள் உங்களோட சேர்ந்து வாசிக்கிறா. பொம்பிளைக் குரல். சரியாச் சின்னனாக் கேக்குது."

அடுத்த வீட்டு டீவியாக இருக்கும் என்றேன். அவரும் சரி என்று வைத்துவிட்டார். அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது அவர் சோற்றுக்கரண்டியைக் கீழே வைக்காமலே, "ஓ, நாங்க முகத்துவாரம் போற நேரம் பாத்து யாரு வாரா? தெரிஞ்சாச் சொல்லுங்க, அவளுக்கும் சேத்துச் சோறு போட்டு வெக்கிறன்" என்றார். இருவரும் சிரித்தோம்.

அடுத்த கிழமை அந்தத் தங்கச்சி மறுபடி எடுத்தார். இந்த முறை சொல்லத் தயங்கினார்.

"அண்ணா, அவ இந்த முறை உங்களுக்கு முதல் சொல்லுறா."

"விளங்கல்ல."

"நீங்க ஒரு வசனம் தொடங்க முதல் அவ தொடங்கிறா. அவ சொன்ன பிறகு நீங்க சொல்லுறீங்க. எல்லா இடத்திலயும் இல்ல. ஆரும் சொல்லித் தந்து வாசிக்கிறீங்களோ அண்ணா? அப்பிடியெண்டா அதில வெக்கம் ஒண்டும் இல்ல. ஆனா பிள்ளையள் ரெண்டு குரலைக் கேட்டாக் குழம்புவினம். வேணுமெண்டா லேசான புத்தகம் ஒண்டு மாத்தித் தரட்டே?"

எனக்கு முகம் சுட்டுவிட்டது. எட்டாம் வகுப்புக்காரன், பொண்டாட்டி சொல்லிக்கொடுக்க வாசிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்! மாத்த வேண்டாம், அடுத்த முறை பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு காதில் இயர்ஃபோனை அழுத்திக்கொண்டு என் பதிவை நானே கேட்டேன்.

முதலில் என் மூச்சு. தாள் புரளும் சத்தம். பிறகு, மிகத் தூரத்தில், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல ஒரு குரல்: "கடல் நீர் ஆவியாகி மேலே செல்கின்றது." அதற்குப் பிறகுதான் என் குரல் அதையே சொன்னது. நான் எப்போதும் தடக்கும் இடத்தில் அந்தக் குரலும் தடக்கியது.

இயர்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைத்த பிறகும் அதற்குள் யாரோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு ஒரு பழைய பெரிய வீட்டை இரண்டாக மறித்து வாடகைக்கு விட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நடுச்சுவர் மெல்லியது, பலகை அடித்து மேலே சீமெந்து பூசியிருந்தார்கள். மறுபாதியில் ஒரு பிள்ளை தனியே இருந்தாள். நுகேகொடையில் உடுப்புக் கடை ஒன்றில் வேலை, ஞாயிறும் கடை உண்டு. காலையில் வெளியே ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுப் போவாள், இருட்டித்தான் வருவாள். நான் வெளியே போய்ப் பார்த்தேன். பூட்டுத் தொங்கியது. ஜன்னல் பலகைகள் மூடிக் கிடந்தன. உள்ளே ஒரு காற்றாடிச் சத்தம்கூட இல்லை.

வந்த ஞாயிறு பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை. சுவரைப் பார்த்துக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். நன்றாகப் பழகிய பக்கத்தை எடுத்து வாசித்தேன். "மேலே சென்ற நீராவி குளிர்ந்து" என்று சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தினேன்.

வெளியே ஒரு காகம் கத்தியது. பிறகு சுவர் சொன்னது:

"முகிலாகின்றது."

என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் பேசாமல் இருக்க, அந்தக் குரல் காத்திருந்தது. காத்திருந்தது என்பதை எப்படிச் சொல்வேன், ஆனால் அது எனக்குத் தெரிந்தது. பிறகு அது தானாகவே அடுத்த வசனத்தைத் தொடங்கியது. அதற்கடுத்தது. ஒரு பிழை இல்லை. அர்த்தத்தில் ஏறி இறங்காமல், நீளக் கயிறு இழுப்பதுபோல ஒரே சத்தத்தில் அந்தப் பக்கம் முடியும்வரை சொல்லி நின்றது. நான் பழகிப் பார்த்திராத மறுபக்கத்துக்கு அது போகவில்லை.

அன்று பொழுது பட்டதும் வாசல் கேற்றடியில் நின்றேன். அந்தப் பிள்ளை வந்தாள். கையில் பாண் பை.

"தங்கச்சி, ஒங்க வீட்ல யாரு இருக்கிறது?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணை, வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஒரு ஆள்தான், நோயாளியள் இல்லை எண்டு சொல்லித்தான் வீடு எடுத்தனான். அம்மா. மறதி வருத்தம். பூட்டாமல் போனா றோட்டுக்கு இறங்கிப் போயிடுவா. ஒருக்கா தண்டவாளத்தில நிண்டவ."

யாழ்ப்பாணத்திலிருந்து இரவோடு இரவாகக் கொண்டுவந்தாளாம். நாங்கள் ஒருவரும் காணவில்லை.

"அவங்க என்னோட வாசிக்கிறாங்க, தெரியுமா?"

அவள் அழுதாள் என்று நினைத்தேன்; சிரித்துக்கொண்டிருந்தாள். "தெரியும் அண்ணை. அவ கதைக்கிறேல்ல. என்ர பேரும் சொல்லுறேல்ல. கேட்டதைத் திருப்பிச் சொல்லுவா, அதுவும் நிண்டுபோச்சுது. நீங்கள் வாசிக்கத் தொடங்கின பிறகுதான் வாய் திறந்தவ. இப்ப நான் வரேக்க முகில், நீராவி எண்டு சொல்லிக்கொண்டிருப்பா. அண்ணை, நிப்பாட்டிப்போடாதேங்கோ."

ஒரு மனுசியைப் பகல் முழுக்க உள்ளே வைத்துப் பூட்டுவது என் நெஞ்சில் முள்ளாய் நின்றது. நெருப்புப் பிடித்தால்? விழுந்தால்? அந்தப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு வெட்டி என்னிடம் தரச் சொன்னேன். தாறன் என்றாள். அவள் தரவில்லை, நானும் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு இருந்த பயம், ஒரு திறப்பு வெளியே போனால் கதையும் வெளியே போகும் என்பது.

அதற்குப் பிறகுதான் நான் பதிவை வேலை இடத்து ஸ்டோருக்கு மாற்றினேன். அங்கே ஏற்றுமதிக்குக் கட்டிய தேங்காய்த் தும்பு மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருக்கும். சத்தம் எல்லாவற்றையும் அவை குடித்துவிடும். ஆனால் பழகுவது மட்டும் வீட்டில், அதே சுவரோரம். வேலை விட்டு வந்து சட்டை மாற்றுமுன், நீங்கள் ட்யூஷனிலிருந்து திரும்புமுன், இரண்டு பக்கமாவது வாசித்துவிடுவேன். நான் ஒரு வசனம், சுவர் ஒரு வசனம். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அந்தக் குரலுக்கு வயதும் இல்லை, சந்தோசமும் இல்லை. நான் இருமினால் அதுவும் இருமும்.

ஸ்டோரில் செய்த பதிவைக் கேட்டுவிட்டு வெள்ளவத்தைத் தங்கச்சி எடுத்தார்.

"அண்ணா, இப்ப அந்த ஆள் இல்ல. ஆனா நீங்க ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிக்கிறீங்க. ஆருக்கு நிக்கிறீங்க?"

எனக்கே தெரியாமல் இடம் விட்டிருக்கிறேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "இருக்கட்டும் அண்ணா, வெட்ட மாட்டன். பிள்ளையளுக்குத் திருப்பிச் சொல்லிப் பாக்க நேரம் கிடைக்கும்" என்றார்.

ஒரு வேலை நாள், மழைக்கால இருட்டு. வந்து கதிரையைப் போட்டேன். "மண்ணில் ஊறும் நீர்" என்று தொடங்கினேன். சுவர் சொல்லவில்லை. இன்னும் உரக்க வாசித்தேன். நீங்கள் இருவரும் ட்யூஷனுக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதுதான் கேட்டது. பழைய பக்கத்துக்குப் போனேன். கடல் நீர், ஆவி, முகில். பாதியில் நிறுத்தினேன். அந்த மௌனம் யாரோ பேசாமல் இருக்கும் மௌனம் அல்ல, வேறு. காதைச் சுவரில் வைத்தேன். கீழே, நிலத்தோடு, ஏதோ உராயும் சத்தம்.

அந்தப் பிள்ளைக்குப் போன் அடித்தேன்; எடுபடவில்லை. பூட்டை உடைத்தால் வீட்டுக்காரருக்குத் தெரியும், தாயும் மகளும் வீதிக்கு வருவார்கள். உடைக்காவிட்டால்? நான் அதிகம் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். சந்தி ஹாட்வெயார் முதலாளியிடம் ஓடினேன். "மகத்தயா, அலவங்குவக் தென்ன, இக்மணட!" பூட்டை நெம்ப ஓர் அலவாங்கு, சீக்கிரம் என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்காமல் அலவாங்கைத் தந்து, தானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

அந்தத் தாய் சுவரோரம் விழுந்து கிடந்தார். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மெலிந்த, வெள்ளைத் தலை. கண் திறந்திருந்தது. முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தேன். "அம்மா, பயப்படாதீங்க, நான்தான்" என்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், என்னை அவர் கண்டதே இல்லையே. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன். "நான்தான்" என்றார்.

உயிர் தப்பினார். எலும்பு முறிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லத் தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் வந்து உடைந்த பூட்டைக் காலால் தள்ளிப் பார்த்தார், மாதம் முடிய வீட்டை விடச் சொன்னார். அந்தப் பிள்ளையின் அக்கா வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஃப்ளாட்டில் இருந்தார். பகலில் ஆள் இருக்கும் வீடு. இவ்வளவு நாளும் அக்காவின் புருசன் விடவில்லை; விழுந்த பிறகு விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே கொண்டுபோனார்கள்.

சாமான் எடுக்க அந்தப் பிள்ளை வந்தபோது கேட்டேன், "அங்க கதைக்கிறாங்களா?"

"இல்லை அண்ணை. நீங்கள் அனுப்பின ஃபைலை ஃபோனில போட்டுப் பாத்தன். ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறா, அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டு கிடக்கிறா. அந்தப் பக்கம் லிஃப்ட் மட்டும்தான் அண்ணை."

வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லிப் புதுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்துவிட்டு அவள் த்ரீவீலரில் ஏறிப் போனாள்.

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பூட்டலாம் என்று நான் உள்ளே போனேன். வெறும் அறை. பின்னேர வெளிச்சம் ஒரு ஜன்னல் இடுக்கால் வந்துகொண்டிருந்தது. நடுச்சுவரில், நிலத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், தேங்காயெண்ணெய் ஊறிய ஒரு வட்டம். நாள் முழுக்க ஒரு தலை அங்கே சாய்ந்திருந்த அடையாளம். அதற்கு நேரே நானும் நிலத்தில் உட்கார்ந்து, காதை அந்த வட்டத்தில் வைத்தேன்.

நம்முடைய வீடு கேட்டது. அம்மா பானையை இறக்குவது. சின்னவன் செருப்பை உதறுவது. "அப்பா எங்க?" "வருவாரு, நீ தொடங்கு." எல்லாம் பக்கத்தில் நின்று சொல்வதுபோல. நாம் பேசிய ஒன்றும் அந்தத் தாய்க்குத் தப்பியிருக்காது. நம்முடைய சண்டைகள்கூட.

பிறகு மூத்தவள் செபமாலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியையும் அவள் சொன்னாள். இரண்டாம் பாதி வழக்கமாக அம்மாவும் சின்னவனும் நானும் சேர்ந்து சொல்வது. அன்று இரண்டு குரல்தான் வந்தது. நான் எழும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. எண்ணெய் மணக்கும் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, உங்களுக்குக் கேட்காத மெல்லிய குரலில், நீங்கள் கடைசி மணியை முடிக்கும்வரை இரண்டாம் பாதியை அங்கிருந்தே சொன்னேன்.