முருங்கையில் கட்டிய கம்பி

எங்கள் அப்பாவுக்குக் கம்பி பிடித்திருந்த அந்த மழைக்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. பேய் பிடித்தால் வேப்பிலை அடிக்கலாம். கம்பி பிடித்தால் என்ன செய்வது?

மைசூரில் அப்போதுதான் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். ஊரில் எல்லோரும் சொல்கிற அதே தர்ட்டி ஃபார்ட்டி சைட், அதாவது முப்பதடிக்கு நாற்பதடி மனை. வீடு போக மிஞ்சியது, பின்னால் கைக்குட்டை அளவில் ஒரு தோட்டம். அதில் ஒரு முருங்கை, ஒரு மல்லிகை, அம்மா துணி உலர்த்தும் கொடி. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மனசு முழுக்க ஹாம் ரேடியோவில். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே செட் வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு காற்றில் பேசுகிற பித்து அது. அவரும் பெரியப்பாவும் வாலிபத்தில் ஒன்றாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள். பெரியப்பா மைசூரிலிருந்து மூன்று மணி நேர பஸ் தூரத்தில், ஹனூர்ப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிடுவது பெரியப்பாதான்.

அந்தப் பெரியப்பா எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. காரணம், அப்பா அவரைப் போனில் அழைத்தது. கூடப்பிறந்த அண்ணனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தல்லவா அழைக்க வேண்டும்? அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கையில் புது செல்போன் வேறு, அதிலேயே சொல்லிவிட்டார். “ஊரானுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் போன்லயா?” என்று கேட்டுப் போனை வைத்தவர்தான் பெரியப்பா. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

ஆனால் தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. காலை எட்டு மணி ஆனால் அப்பா செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கேட்பதற்கு மட்டும் என்றால், ஜன்னல் வழியாகத் தொங்கவிட்ட ஒரு துண்டு ஒயரே போதுமாயிருந்தது. இரைச்சலுக்கு நடுவே பெரியப்பாவின் கரகரத்த குரல் எல்லோரையும் நலம் விசாரிக்கும். கடைசியில், “வேற யாராச்சும் இருக்கீங்களா? சும்மா கேட்டுட்டு இருக்கறவங்க யாராச்சும்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். அப்பா செட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “பதில் சொல்லோணும்னா முறையா ஒரு ஆண்டெனா வேணும் கண்ணு” என்பார்.

அந்த ஆண்டெனாதான் எங்கள் வீட்டுச் சனி. அப்பாவின் அலைவரிசைக்கு அறுபத்தாறு அடிக் கம்பி வேண்டுமாம். சைட்டோ நாற்பதடி நீளம். முதலில் நேர்க்கம்பிதான் உத்தமம் என்றார். பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க் வரைக்கும் போனால்தான் அது எட்டும். அந்த வீட்டு ஆண்ட்டியிடம் கரண்ட் அடிக்காது என்று சத்தியம் செய்து கட்டினார். மறுநாளே, ரொம்பத் தொய்கிறது என்று அவிழ்த்தார். பிறகு கம்பியை வளைத்துக் காம்பவுண்டைச் சுற்றினார். வளைவு அதிகம் என்று அவிழ்த்தார். சதுரமாகக் கட்டினார், மல்லிகைக்கு இடமில்லை என்று அவிழ்த்தார். அந்த மல்லிகைக்கு அவர் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அம்மாவின் துணிக்கொடி வாசலுக்குப் போய், தெருவே எங்கள் பாவாடை சட்டைகளைப் பார்த்தது. கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது என் வேலை. சுவருக்கு மேலே ஆண்ட்டியின் தலை தெரியும். “ஏனு சார், மத்தே கம்பியா?” என்று, மறுபடியும் கம்பியா என்பதைக் கன்னடத்தில் கேட்பார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அம்மா சமையலறையிலிருந்து யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வார்.

கை கடுத்த ஒருநாள் நானும் கேட்டே விட்டேன். “ஏம்ப்பா, பெரியப்பாவுக்கு ஒரு போன் பண்ணினா முடிஞ்சு போச்சில்ல?”

“போன்ல ஆரம்பிச்சதுதாங் கண்ணு இத்தனையும்.”

தசரா வந்தபோது ஒருவழியாகக் கம்பி அமைந்தது. நடுவில் இரும்புக் குழாய் நிறுத்தி, கூடாரம்போல இரண்டு பக்கமும் இறக்கி, ஒரு முனையை முருங்கையில் கட்டி, மறுமுனையைச் சுவரோடு கொஞ்சம் மடக்கினார். கம்பி சரியாக அமைந்ததா என்று காட்டுகிற மீட்டரில் முள் எங்கே நின்றால் நல்லது என்று எனக்கே தெரியும். அங்கேதான் நின்றது. அப்பா முகத்தில் மட்டும் சந்தோஷமில்லை. “உசரம் பத்தாது” என்றார்.

மறுநாள் ஆயுதபூஜை. ஸ்பேனர், சுத்தியல், என் புத்தகங்கள் எல்லாவற்றோடும் ரேடியோ செட்டையும் அப்பா தூக்கிக்கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தார். “சாமிகிட்ட வெச்சாச்சு, இன்னிக்குத் தொடக்கூடாது” என்று நிம்மதியாக உட்கார்ந்து சுண்டல் தின்றார். அம்மா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனார்.

விஜயதசமி காலையில் ஊரே யானை ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் புதுப் பாவாடையில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சீக்கிரம் போனால்தான் முன்வரிசை. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா கற்பூரம் காட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, பூஜையில வெச்ச சாமான எடுத்து இன்னிக்கு ஒரு வேலையாச்சும் செய்யோணும். புள்ள புஸ்தகத்த எடுத்து நாலு வரி படிச்சுட்டா. நீங்க ஸ்பேனர்ல ஒரு போல்ட்ட முடுக்கிட்டீங்க. இது?”

“அதுக்கென்ன, கேட்டாப் போச்சு.”

“மைக்குக்கும் பொட்டு வெச்சிருக்கறேன்” என்றார் அம்மா.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஊர்வலக் கவலை. அம்மா பக்கம் போய் நின்றுகொண்டேன்.

பெரியப்பா எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் வழக்கம்போல வேறு யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். அப்பா குங்குமம் விரலில் ஒட்ட மைக்கை அழுத்தி, லைசென்ஸில் பெயருக்குப் பதிலாகக் கொடுத்திருந்த தன் அழைப்புக்குறியைச் சொன்னார். வேலைக்கு இண்டர்வியூ போனவர் குரல். அந்தப் பக்கம் வெறும் இரைச்சல். கம்பி காலை வாரிவிட்டது, இனி இன்னொரு கம்பி என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“உங்க சிக்னல் நல்லா வருதுங்க” என்றது பெரியப்பாவின் குரல். காற்றில் எல்லோருக்கும் கொடுக்கிற அதே மரியாதை. “என்ன ஆண்டெனா?”

அப்பா ஒப்பித்தார். குழாய், சுவர், முருங்கை. “உசரந்தான் பத்தலைங்க.”

“பக்கத்துல இருக்கற ஊருக்குப் பேசறதுக்கு உசரம் எதுக்கு?” என்று கேட்டது குரல். பிறகு இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே மறந்ததுபோல, “ஏன்டா, முருங்கையிலயா கட்டுவாங்க? ஒரு காத்துக்குத் தாங்குமா அந்தக் கொப்பு? ஞாயித்துக்கெழம நானே வந்து கட்டித் தாறேன்” என்றது.

“வாங்கண்ணா” என்றார் அப்பா. அவ்வளவுதான். கிரகப்பிரவேசத்தைப் பற்றி இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சரி, இனியாவது கிளம்பலாம் என்று நான் செருப்பை மாட்டினால், அப்பா தோட்டத்துக்குப் போய் முருங்கையிலிருந்து கம்பியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

“நல்லாத்தானேப்பா வேலை செய்யுது?”

“மரம் தாங்காதுன்னு பெரியப்பா சொன்னாரில்ல. அவரே வந்து கட்டட்டும்.”

முந்தின நாள் மழைக்கும் காற்றுக்கும் அந்த மரம் தாங்கித்தான் இருந்தது. நான் அம்மாவிடம் நியாயம் கேட்க ஓடினேன். இத்தனை நாளும் அந்தக் கம்பியைத் திட்டித் தீர்த்த அம்மாவோ, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்து, முறுக்கு விழாமல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு யானைகளின் முதுகை மட்டும், அதுவும் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்துதான் பார்த்தேன். நன்றாக வேலை செய்கிற ஒன்றை வேண்டுமென்றே அவிழ்த்து வைக்கிற இந்தப் பெரியவர்களோடு எப்படித்தான் காலம் தள்ளப்போகிறேனோ என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவிலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.