லோங்காங்குக்கு வந்த சீர்த்தட்டு

குணாளனுக்குக் கம்பெனியில் கொடுத்திருந்த பதவியின் பெயர் நீளமானது. செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: பினாங்கு ஜோர்ஜ் டவுனில் கம்பெனி எங்கே அடுக்குமாடிக் கொண்டோ கட்டினாலும், அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்கு முன் இன்சூரன்ஸ் விற்றான், வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றான், தேர்தல் வந்தால் கொடி கட்டினான். எதிலும் உருப்படவில்லை. ஆனால் வாய் மட்டும் வெல்லம். அவன் ஒரு தடவை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டால், முன்பின் தெரியாத பெண்ணுக்கும் தட்டு எடுத்துவைத்துச் சோறு போடத் தோன்றும். சொந்த அக்கா ஒருத்தி புக்கிட் மெர்தாஜாமில் இருந்தாள். அப்பா விட்டுப்போன வீட்டுக்காக அவளோடு சண்டை போட்டு, கடல் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தான்.

இந்த முறை கொண்டோ சுங்கை பினாங்கு ஆற்றுப் பக்கம், பழைய மரக்கிடங்கு இருந்த இடத்தில். முப்பது மாடி. நிலத்தை மேடாக்கி, கார் நிறுத்தும் தளத்துக்கு அடியில் மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டியும் கட்டியாயிற்று. பிடித்த தண்ணீரை எங்கேயாவது விட வேண்டுமே! ஆற்றுக்குப் போகும் பெரிய கால்வாய்க்கும் கொண்டோவுக்கும் நடுவில் ஒரே ஒரு வரிசை வீடுகள். அவற்றின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும். அதில் லோங்காங் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை விடலாம், அதன் ஓரமாகவே குடிநீர்க் குழாயும் கரண்டு கேபிளும் புதைத்துவிடலாம். நிலத்தை வாங்கவேண்டியதில்லை. அதன் வழியே கொண்டுபோகும் உரிமையை வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தால் வடிகால் இலாகா அனுமதி தரும். மற்ற வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைசி வீட்டு அர்ஜுனன் மட்டும் முடியவே முடியாது என்றார்.

அர்ஜுனன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் மறுத்ததற்குக் காரணம் வீட்டின் பின்னறை. அங்கேதான் மகள் தனுஜா இருந்தாள். இருபத்து நான்கு வயதிலேயே அவளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வயிற்றில் செருகிய குழாய் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுக்க வேண்டும். தினமும் நாலு வேளை, வீட்டிலேயே. அந்த நேரத்தில் காற்றாடியைக்கூட நிறுத்திவிடுவார்கள். கொஞ்சம் தூசி பட்டாலும் கிருமி வயிற்றுக்குள் போய்விடும். அர்ஜுனன் அந்த அறைக்குத் தரையிலிருந்து மேல்வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தார். அவர் மனைவி ஜெயலெட்சுமி காலையும் மாலையும் முட்டி போட்டு அதைத் துடைப்பாள்.

"அந்த ரூமுக்குள்ள லோங்காங் தண்ணி வந்துச்சுன்னா எம்மவ செத்துருவா. போய் ஒங்க பாஸ்கிட்ட சொல்லு," என்று அர்ஜுனன் அளவெடுக்க வந்தவர்களிடம் சொல்லி அனுப்பினார்.

மேனேஜர் லோகேஸ்வரன் குணாளனைக் கூப்பிட்டார். "அந்த வீடு இல்லன்னா மெயின் ரோட்டத் தோண்டணும். ரோட்டத் தோண்டுனா ஒன் வேலையையும் சேத்துத் தோண்டிப் பொதச்சிருவாங்க. புரியுதுலா?"

குணாளன் நேராக அந்த வீட்டுக்குப் போகவில்லை. லோரோங் சந்து முனையில் இருந்த கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ சொன்னான். பேச்சோடு பேச்சாக வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். ஜெயலெட்சுமிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. தனுஜா வயசுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் இல்லாமல், கோயில் கமிட்டியில் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து நிற்கவைத்தார்களாம். யாரோ அதை ஜாடையாகப் பேச, ஜெயலெட்சுமி பந்திக்கே வராமல் அறைக்குள் போய் அழுதாளாம். குணாளன் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தான். இனி அவனுக்கு இங்கே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவில் சாதிக் பாய் ஜவுளிக்கடைக்குப் போனான். ஜெயலெட்சுமி அக்காவுக்குச் சேலை, தனுஜாவுக்குப் பஞ்சாபி சூட், அர்ஜுனனுக்கு வேட்டி. பில்லைக் கம்பெனி பேரில் போடச் சொன்னான். வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் முறைப்படி தட்டில் அடுக்கி, வேட்டி கட்டிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு கேட் முன்னால் போய் நின்றான்.

"யாருங்க நீங்க?" என்றாள் ஜெயலெட்சுமி.

"குணாளன்க்கா. கொண்டோ கம்பெனிலதான் வேல. அந்த வேலைக்கு வேற ஒரு நாள் வரேன். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டு வரக்கூடாதுல்ல?"

"எனக்குத் தம்பி யாரும் இல்லியேப்பா."

"எனக்கும் அக்கா இல்லக்கா."

புக்கிட் மெர்தாஜாமில் உயிரோடு இருந்தவளை அந்த ஒரு வரியில் தீர்த்துவிட்டான். அர்ஜுனன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயலெட்சுமி தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நம் வீடுகளில் சீர்த்தட்டு கைமாறிய பிறகு பேச்சே வேறு. வாங்கியவள் அக்கா, கொடுத்தவன் தம்பி. தம்பி சொன்னதற்கு எழுத்து கேட்டால், சீரை அவன் முகத்தில் விட்டெறிந்த மாதிரி ஆகிவிடும். குணாளனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கொண்டுவந்தான். அந்த வெட்கங்கெட்ட வேலையைச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு செய்தான்.

தீபாவளி கழித்து வந்தபோது பிளானோடு வந்தான். அர்ஜுனன் கேட்ட கேள்வி நியாயமானது. "கடல் ஏறுற நேரத்துல மழ புடிச்சா ஆறு தண்ணிய எடுக்காது. ஒங்க லோங்காங் ரொம்பும். எங்க சின்ன லோங்காங் அதுலதான் வந்து சேருது. அந்த வழியா தண்ணி திரும்பி எங்க வீட்டுக்குள்ளதானே வரும்?"

"அது சேர்ற எடத்துல இரும்புக் கதவு ஒன்னு போடுவோம் மாமா. ஒரு பக்கந்தான் தொறக்கும். ஒங்க தண்ணி வெளிய போகும், வெளித்தண்ணி உள்ள வராது. நான் நின்னு போட்டுக் குடுக்குறேன்."

"அப்ப அத எழுதிக் குடுக்கச் சொல்லு."

ஜெயலெட்சுமிக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எந்தம்பிகிட்ட எழுதி வாங்குவீங்களா? இத்தன வருசத்துல இந்த வாசல மிதிச்சு எனக்குன்னு ஒருத்தன் சேல கொண்டாந்தானா? அவனே சொல்றான், அப்புறம் என்ன?"

அர்ஜுனன் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் குணாளன் அடிக்கடி வந்தான். வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கிவந்தான். தனுஜா அறை வாசலில் முகமூடி போட்டுக்கொண்டு நின்று, "மாமா, உள்ள வராதீங்க, கை கழுவுனீங்களா?" என்று அதட்டுவாள். அவள் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருந்தாள். கிடைத்ததும் லங்காவித் தீவுக்கு ஃபெரியில் போய்க் கடலில் குளிக்க வேண்டுமாம். வயிற்றில் குழாயோடு கடலில் இறங்கக்கூடாது என்பதால் அதையே ஆசையாக வைத்திருந்தாள். "நீங்கதான் கூட்டிட்டுப் போகணும் மாமா," என்பாள். அவனும் சரி என்பான். அந்த நேரத்தில் அவன் மனசாரத்தான் சொன்னான் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் ஒரு புண்ணியமும் இல்லை.

லோங்காங் வெட்டியாயிற்று. குழாயும் கேபிளும் இறங்கின. கனத்த சிமெண்டு மூடிகளைக் கிரேனால் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தார்கள். அர்ஜுனன் வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்தபோது கதவு வரவில்லை. குணாளன் லோகேஸ்வரனிடம் போய்க் கேட்டான்.

"அது வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. குப்ப அடைக்கும், துருப் புடிக்கும். வருசா வருசம் யாரு வந்து பாக்குறது? நீ எழுத்துல குடுத்திருக்கியா?"

"இல்ல பாஸ்."

"அப்புறம் என்னலா? அடுத்த மாசம் ஒன்ன பெர்மனன்ட் பண்ணப் போறாங்க. வாய மூடிட்டு இரு."

குணாளன் வாயை மூடிக்கொண்டான். மூடியும் வைத்தாயிற்று. அன்று மாலை ஜெயலெட்சுமி சமையலறை ஜன்னலில் நின்று கேட்டாள்: "தம்பி, கதவு போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சுக்கா."

அவள் போய் அவனுக்குக் காப்பி கலந்துவந்தாள். அவன் நின்றுகொண்டே குடித்தான்.

கொண்டோவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தபின் வந்த முதல் பெரிய மழை ஒரு மதியம் பிடித்தது. கடலும் ஏறியிருந்த நேரம். தொட்டி நிறைந்து, தண்ணீரை லோங்காங்குக்குத் தள்ளியது. லோங்காங் நிறைந்து, ஆற்றுக்குப் போக முடியாமல், தடுக்கக் கதவு இல்லாத அர்ஜுனன் வீட்டுச் சின்ன லோங்காங் வழியாகத் திரும்பியது. தனுஜா அப்போது வயிற்றுக் குழாயைத் திறந்து மருந்துப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். குளியலறை ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பொங்கி அறைக்குள் வந்தது. பை மாட்டிய கம்பி சாய்ந்தது. பிடிக்கப் போனவள் கையிலிருந்து குழாயின் நுனி நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது. அர்ஜுனன் துறைமுகத்தில் வேலையில் இருந்தார். ஜெயலெட்சுமி மகளைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்தாள். மருந்துப் பெட்டிகள் ஊறி மிதந்தன. சாலை முழுதும் வெள்ளம், ஆம்புலன்ஸ் லோரோங்குக்குள் வர முடியவில்லை. வெள்ளைச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு விழும்வரை தாயும் மகளும் மேசைமேல் இருந்தார்கள். மேட்டில் இருந்த கொண்டோவில் ஒரு காரின் சக்கரம்கூட நனையவில்லை.

மறுநாள் தனுஜாவின் வயிற்றிலிருந்து வந்த நீர் கலங்கியிருந்தது. காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் இறந்துபோனாள்.

ஜெயலெட்சுமி முதலில் கூப்பிட்டது குணாளனைத்தான். "தம்பி, நம்ம புள்ள போயிட்டாப்பா. கோடி நீதான் கொண்டாரணும். அவளுக்கு மாமன் நீதானே."

குணாளன் லோகேஸ்வரனிடம் லீவு கேட்டான். அவர் சொன்னார்: "போ. போய் நல்லா அழு. எவனும் இலாகாவுல புகார் குடுக்காம பாத்துக்க. வெள்ளத்தப் பத்திப் பேச்சு கிளம்புச்சுன்னா அடுத்த பிளாக்குக்கு சர்ட்டிபிகேட் வராது."

சாதிக் பாய் அவனைக் கண்டதும் சிரித்தார். "வாங்க தம்பி, இந்த வாட்டி எந்த வீட்டுக்குச் சீரு?"

"சீரு இல்ல பாய். கோடி. கல்யாணம் ஆகாத பொண்ணு."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்து வைத்தார். மடித்துக்கொண்டே, "பில்லு எப்பவும் போல கம்பெனி பேருலயா?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. அவன் மாற்றவில்லை.

வீட்டில் கூட்டம் முற்றத்தை நிறைத்திருந்தது. சேற்று வாடை இன்னும் போகவில்லை. அடுத்த வீட்டுத் துளசி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "சும்மா விடக்கூடாதுக்கா. அந்த மூடியத் தூக்கிப் பாத்துருவோம், கதவு இருக்கா இல்லியான்னு. இல்லன்னா நாளைக்கே இலாகாவுக்குப் போவோம், நான் வரேன்!"

குணாளன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். பின்பக்கம் போகும் வழியையே பார்த்தான்.

ஜெயலெட்சுமி மகளின் காலடியிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்தம்பி போட்டாச்சுன்னு சொன்னான். போட்டுத்தான் இருப்பான். அதையும் தாண்டி வந்திருக்கு தண்ணி, என் தலவிதி. நீங்க போய்ப் புகார் குடுத்தா யார் வேல போகும்? அவன் வேலதான போகும்? ஒருத்தரும் அந்த மூடியத் தொடக்கூடாது."

துளசி கூட்டத்துக்குள் பின்வாங்கினாள். அர்ஜுனன் மட்டும் நிமிர்ந்து குணாளனைப் பார்த்தார். அவன் இன்னும் வாசலைத் தாண்டாமல் பின்பக்கத்து வழியையே பார்ப்பதைக் கண்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து ஏதோ சொல்ல வந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். மகளைப் பறிகொடுத்தவளிடமிருந்து தம்பியையும் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை.

குணாளனுக்கு அந்த நேரத்தில் வந்தது துக்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது நிம்மதி. முதுகில் வியர்வை ஆறியது. முன்னால் போய்ச் சிவப்புப் பட்டுச் சேலையைத் தனுஜாவின்மேல் போர்த்தினான். உடனே கண்ணீர் வந்தது, நன்றாகவே வந்தது. ஜெயலெட்சுமி அவன் தோளைக் கட்டிக்கொண்டு, "எம்மவள எடுத்துக்கிட்ட சாமி, கோடி போட ஒன்னயாவது எனக்குக் குடுத்துச்சேப்பா," என்று கதறினாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள்.

தனுஜாவை வண்டியில் ஏற்றினார்கள். குணாளன் பின்பக்கம் போய்க் குழாயடியில் முகம் கழுவினான். காலுக்கடியில் அந்தச் சிமெண்டு மூடி இருந்தது. கைப்பேசியை எடுத்து லோகேஸ்வரனுக்குச் செய்தி அடித்தான்: "எல்லாம் செட்டல் பாஸ்."

பிறகு வண்டியில் ஏறி, தனுஜாவின் தலைமாட்டில், மாமனுக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தான்.